டங்கன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நொடிகள்

வயதான நட்சத்திரம் யாராவது இடத்தை விடாமல் அணியை இழுபறியில் வைக்கும்போதெல்லாம் எங்கள் கூடைப்பந்து வாட்ஸப் குழுவில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: "டிம் டங்கன்கிட்ட கத்துக்கணும்டா." கூடவே இரண்டு கும்பிடும் கைகள். அமெரிக்காவின் NBA கூடைப்பந்து லீக்கில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்காக ஆடிய டங்கனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் காலத்து வேறு எந்த ஆட்டக்காரரையும் விடப் பிடிக்கும். ஆனாலும் அந்த வரியைப் பார்க்கும்போது சுருக்கென்று ஒரு எரிச்சல். ஏதோ ஒரு நாள் காலையில் எழுந்து, "சரி, வயசாயிடுச்சு, இனி சின்னப் பசங்க ஆடட்டும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டதைப் போல ஒரு தொனி அதில் இருக்கிறது. ஸ்பர்ஸ் அணியை அவருடைய கடைசி ஐந்தாறு வருஷம் விடாமல் பார்த்தவர்களுக்கு நடந்தது அப்படியில்லை என்று தெரியும். அவர் ஒதுங்கவில்லை. வேலை மாறியது, அவ்வளவுதான். அந்த மாற்றமும் நோகாமல் நடக்கவில்லை. ஒரு தடவை, கைக்கு எட்டிய கோப்பையே அதில் போனது என்று வாதாட முடியும்.

இந்தப் பேச்சில் எப்போதும் எதிர்த்தட்டில் வைக்கப்படுபவர் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் நட்சத்திரம் கோபி பிரயன்ட். இருவரும் ஒரே சீசனில், 2015-16இல், விடைபெற்றார்கள். கோபியின் லேக்கர்ஸ் அந்த வருஷம் 17 வெற்றி, 65 தோல்வி. ஊர் ஊராகப் பிரியாவிடை. கடைசி ஆட்டத்தில் 50 முறை கூடைக்குக் குறிவைத்து 60 பாயிண்ட். டங்கனின் ஸ்பர்ஸ் 67 வெற்றி, 15 தோல்வி. ஜூலை மாதம் கிளப்பிலிருந்து ஒரு செய்திக்குறிப்பு வந்தது, கதை முடிந்தது. ஒருவர் அகங்காரி, இன்னொருவர் ஞானி என்று இதைச் சுருக்கிவிடுவது சுலபம். ஆனால் 2013 நவம்பரில், குதிகால் தசைநார் அறுந்து கோபி இன்னும் கோர்ட்டுக்கே திரும்பாத நேரத்தில், இரண்டு வருஷத்துக்கு 4.85 கோடி டாலர் ஒப்பந்தத்தை நீட்டியது லேக்கர்ஸ் நிர்வாகம். விற்கப் போவது டிக்கெட்தான் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அந்த அணியில் கோபி தன்னைக் குறைத்துக்கொண்டிருந்தால் மிச்சம் என்ன இருந்திருக்கும்? ஒருவர் சுருங்க வேண்டுமானால் சுற்றிலும் ஏதாவது வளர்ந்திருக்க வேண்டுமே. டங்கனைப் புகழ்கிறவர்கள் விட்டுவிடும் பாதி அதுதான்.

மெம்பிஸில் விழுந்த அடி

2010 ப்ளேஆஃபில், அதாவது சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி ஸ்பர்ஸை நான்கு ஆட்டத்திலும் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியது. அதற்கு முன் ஸ்பர்ஸ் ஆடிய முறை உலகத்துக்கே தெரியும். பந்து டங்கன் கைக்கு, கூடைக்கு இடப்பக்கம். முதுகைக் காட்டி நின்று, திரும்பி, போர்டில் பட்டு விழும் அந்தக் கோணல் ஷாட். மற்ற நால்வரும் அதைச் சுற்றி நிற்பார்கள். 1999, 2003, 2005, 2007 என்று நான்கு கோப்பைகள் அந்த ஒற்றைச் சமையலில் வந்தவை. கோச் கிரெக் பாபவிச் 2010-11இல் அதைக் கலைத்தார். பந்து டோனி பார்க்கரிடமும் மனு ஜினோபிலியிடமும் போனது. வேகம் கூடியது. மூலையிலிருந்து த்ரீ பாயிண்டர்கள் பறக்க ஆரம்பித்தன. ஷாட்டுக்கு மூன்று பாயிண்ட் கிடைக்க ஒரு கோட்டுக்கு வெளியிலிருந்து போட வேண்டும். கூடைக்கு நேரெதிரே அந்தக் கோடு 23 அடி 9 அங்குலத் தூரத்தில் இருக்கிறது, மூலையில் வெறும் 22 அடி. அதே மூன்று பாயிண்ட் அங்கே கொஞ்சம் மலிவு. அந்த சீசனில் த்ரீ பாயிண்டர் சதவிகிதத்தில் ஸ்பர்ஸ்தான் லீக்கிலேயே முதலிடம். சராசரியாக 20 பாயிண்ட் எடுத்துப் பழகிய டங்கன் 13.4க்கு இறங்கினார், ஆட்டத்துக்கு 28 நிமிஷம். அணியோ 61 ஆட்டங்களை வென்றது.

அப்புறம் முதல் சுற்றிலேயே, எட்டாம் இடத்தில் உள்ளே நுழைந்த மெம்பிஸ் கிரிஸ்லீஸிடம் 4-2 என்று தோற்றது. ஆறாவது ஆட்டத்தில் ஸாக் ராண்டால்ஃப் கூடைக்கு அடியில் நின்று 31 பாயிண்ட் எடுத்தார். டங்கன் பத்து வருஷம் ஆண்ட அதே இடத்தில், டங்கன் கண் முன்னாலேயே. இந்தத் தோல்விக்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்லலாம். கிழட்டு அணி, காலம் முடிந்தது என்பது ஒன்று. பத்திரிகைகள் எல்லாம் அதைத்தான் எழுதின. பழைய முறையைக் கைவிட்டதால் வந்த வினை, பந்தை மறுபடி டங்கனிடம் கொடு என்பது இன்னொன்று. தோற்ற கோச்சுக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பான வழி. பாபவிச் இரண்டையும் எடுக்கவில்லை. தான் மிகவும் நேசித்த ஆட்டக்காரர் ஜார்ஜ் ஹில்லை இண்டியானா அணிக்குக் கொடுத்து, டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) 15ஆவதாகத் தேர்வான கவாய் லெனர்ட் என்ற வாய் திறக்காத பையனை வாங்கினார்கள். கிளீவ்லாந்து அணி வேண்டாம் என்று விட்ட டேனி கிரீன் ஏற்கெனவே அங்கே இருந்தார். 2012 மார்ச்சில், சார்லட் கழித்துவிட்ட போரிஸ் டியாவ் வந்து சேர்ந்தார். யாரோ வேண்டாம் என்று தள்ளிய ஆட்களை வைத்து ஒரு புது ஆட்டம்.

அந்தக் காலத்து ஸ்பர்ஸ் ஆட்டம் ஏதாவது கிடைத்தால், பந்தை விட்டுவிட்டு டங்கனை மட்டும் ஒரு கால் மணி நேரம் பாருங்கள். மேலே ஓடி வந்து பார்க்கருக்கு ஸ்கிரீன் வைப்பார், அதாவது எதிராளியின் வழியில் சுவர் மாதிரி நிற்பார். பார்க்கரைத் துரத்தும் ஆள் அவர் தோளில் மோதி அரை நொடி தாமதிப்பான். டங்கன் உடனே திரும்பிக் கூடையை நோக்கிச் சரிவார், கையை நீட்டிப் பந்து கேட்டபடி. எதிரணியின் உயரமான ஆள் அவரோடு ஒட்டிக்கொண்டு போவான், மூலையில் நிற்கும் இன்னொருவனும் ஒரு அடி உள்ளே எடுத்து வைப்பான். அந்த ஒரு அடி போதும். பந்து மூலைக்குப் போகும், கிரீன் போடுவார், மூன்று பாயிண்ட். புள்ளிவிவரத்தில் கிரீனுக்கு மூன்று, பந்து கொடுத்த பார்க்கருக்கு ஒரு அசிஸ்ட். டங்கன் பெயர் எங்கும் இருக்காது. பந்தையே தொட்டிருக்க மாட்டார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அந்தப் பெரிய கண்களோடு, டிஃபன்ஸுக்குத் திரும்பி ஓடிக்கொண்டிருப்பார். ஆனால் அந்த உள்ளே வந்த ஒரு அடி, டங்கன் என்ற பெயர் சம்பாதித்துக் கொடுத்தது. வேறொரு சுமாரான ஆள் சரிந்திருந்தால் மூலைக்காரன் அசைந்திருக்க மாட்டான். தன்மேல் எதிராளிகளுக்கு இருந்த பழைய பயத்தை வைத்தே அவர் மற்றவர்களுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் அவருக்கு ஒரு முன்மாதிரி கண்ணெதிரே இருந்தது என்பதை மறக்கக் கூடாது. 1997இல் டங்கன் வந்தபோது அணி டேவிட் ராபின்சனுடையது. டங்கனின் முதல் வருஷத்தில் சராசரியாக 21.6 பாயிண்ட் எடுத்த ராபின்சன், 2003இல் ஓய்வு பெறும் வருஷம் எடுத்தது 8.5. அந்த 2003 ஃபைனல்ஸின் கடைசி ஆட்டத்தில் டங்கனின் கணக்கு 21 பாயிண்ட், 20 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட், 8 பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது). எல்லாரும் அதைத்தான் பேசுவார்கள். அதே ஆட்டத்தில் 37 வயது ராபின்சன் 17 ரீபவுண்ட் எடுத்தார் என்பது பேச்சில் வராது. டங்கனுக்கு நினைவிருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பாபவிச் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்: தான் திட்டுவதற்கு டங்கன் இடம் கொடுத்தார், அதனால் மற்றவர்கள் யாரும் முறைக்க முடியவில்லை என்று. இது வெறும் பணிவு அல்ல, அணிக்குள் அது ஒரு அதிகாரம். 2012 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஆட்டத்தில் டங்கனுக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஆடாததற்கான காரணம் என்ற இடத்தில் காயம், உடல்நலக் குறைவு என்றெல்லாம் போடுவதுதான் வழக்கம். அன்றைக்கு ஸ்கோர் ஷீட்டில் இருந்த காரணம்: 'வயசாளி'. ஊரே சிரித்தது. அந்தக் கோடையில் வருஷத்துக்கு 2.1 கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவர், ஒரு கோடிக்கும் குறைவான சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார். இதையும் தியாகம் என்று கொண்டாடினார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. முதலாளிக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பதற்கும் பக்கத்து ஆளுக்குச் சம்பளம் கிடைக்கச் செய்வதற்கும் நடுவே இருக்கும் கோடு ரொம்ப மெல்லியது. ஏற்கெனவே 20 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தவர் எடுக்கக்கூடிய முடிவு அது. ஆனால் அந்த மிச்சத்தில் அணி கலையாமல் இருந்தது என்பது உண்மை.

மயாமி, ஆறாவது ஆட்டம்

சரி, இத்தனை வருஷமாக என்னை விடாத விஷயத்துக்கு வருகிறேன். 2013 ஃபைனல்ஸ், மயாமி ஹீட் அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டம். அங்கே ஜூன் 18 இரவு, நமக்கு 19ஆம் தேதி காலை ஆறரை. ஸ்பர்ஸ் 3-2 என்று முன்னிலை, இன்னும் ஒன்று வென்றால் கோப்பை. டங்கனுக்கு வயது 37. முதல் பாதியில் மட்டும் 25 பாயிண்ட். பந்து பழையபடி இடப்பக்கம் போனது, ஹீட்டின் கிறிஸ் பாஷால் தடுக்க முடியவில்லை. ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டிய நான் சட்டைப் பொத்தானைப் பாதி போட்டபடி உட்கார்ந்திருந்தேன். பத்து வருஷம் பின்னால் போனதைப் போல இருந்தது. மூன்றாவது குவார்ட்டர் முடியும்போது 30 பாயிண்ட், ஸ்பர்ஸ் பத்து பாயிண்ட் முன்னால். அதற்கப்புறம் டங்கன் ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை. காற்று இறங்கிவிட்டது, திரையிலேயே தெரிந்தது.

28 நொடி பாக்கி. ஸ்பர்ஸ் 94, ஹீட் 89. கோப்பை வழங்கும்போது கூட்டத்தைத் தடுக்க மஞ்சள் கயிற்றைக் கோர்ட் ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஹீட்டுக்குத் தேவை த்ரீ பாயிண்டர்கள். பாஷ் உட்பட எல்லாருமே வெளியிலிருந்து போடக்கூடியவர்கள். அப்படியானால் காவல் காக்கும் ஐவரும் ஆளை மாற்றி மாற்றிக் கோட்டுக்கு வெளியே துரத்த வேண்டும். முட்டியில் பட்டை கட்டிய 37 வயது மனிதரை அந்த வேலைக்கு வைக்க முடியாது. டங்கன் பெஞ்சுக்கு, டியாவ் உள்ளே. லெப்ரான் ஜேம்ஸ் போட்டார், தவறியது. ரீபவுண்ட் கைமாறித் தடுமாறி மறுபடி ஹீட்டிடமே போனது. லெப்ரான் மறுபடி போட்டார், விழுந்தது. 94-92. அந்தப் பக்கம் லெனர்டுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒன்று உள்ளே. 95-92, பாக்கி 19 நொடி. மறுபடி டங்கன் வெளியே. லெப்ரான் போட்டார், தவறியது. இந்தத் தடவை பந்தைப் பிடித்தவர் பாஷ். டங்கன் இருந்திருந்தால் மல்லுக்கட்டியிருக்க வேண்டிய அதே பாஷ். அவர் பந்தை வெளியே தள்ள, ரே ஆலன் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நடந்து மூலைக் கோட்டைத் தாண்டி நின்று போட்டார். 5.2 நொடி பாக்கி, 95-95. ஓவர்டைமில் ஹீட் 103-100 என்று வென்றது. அன்றைக்கு டங்கன் எடுத்த ரீபவுண்ட் மொத்தம் 17. வேண்டிய பதினெட்டாவது மட்டும் அவர் உட்கார்ந்திருந்தபோது போனது.

பாபவிச்சைத் திட்டாத ஆள் இல்லை. இத்தனைக்கும் நான்கு வாரம் முன்புதான் இதே மயாமியில், இண்டியானா கோச் ஃப்ராங்க் வோகல் தன் பெரிய ஆள் ராய் ஹிபர்ட்டைக் கடைசி நொடிகளில் வெளியே எடுக்க, லெப்ரான் காலியான கூடைக்குள் புகுந்து ஆட்டத்தை முடித்திருந்தார். அது தெரிந்தும் ஏன்? என் பதில் இது. ஸ்பர்ஸ் மூன்று வருஷமாகக் கற்றுக்கொண்டிருந்ததே அதுதான்: பெயரைப் பார்க்காதே, அந்த நேரத்துக்கு என்ன வேலையோ அதைச் செய்யக்கூடியவனைப் போடு. டங்கனையும் அந்தக் கணக்குக்குள் கொண்டுவந்ததால்தான் அவர்கள் ஃபைனல்ஸ் வரைக்கும் வந்தார்கள். அந்தக் கணக்கு ஒரே ஒரு இடத்தில் பிசகும், அந்த இடம் ஃபைனல்ஸின் கடைசி நொடிகளாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? என்னைக் கேட்டால், இரண்டாவது தடவை அவரை உள்ளே விட்டிருக்க வேண்டும். முதல் தடவையே ரீபவுண்ட் போனதைப் பார்த்த பிறகு, கணக்கை விட்டு ஒரு மனிதரை நம்பியிருக்கலாம். ஆனால் அப்படி நம்புகிற கோச்சாக இருந்திருந்தால் 2010லேயே பந்தை டங்கனிடமிருந்து எடுத்திருக்க மாட்டாரோ என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. இந்த இடத்தில்தான் எனக்கு இன்றுவரை முடிவு கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டம். ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக பாக்கி, ஹீட் 90, ஸ்பர்ஸ் 88. பந்து டங்கனிடம். எதிரே தன்னைவிடக் குள்ளமான ஷேன் பேட்டியர். பத்தாயிரம் தடவை போட்ட ஷாட், கூடைக்குப் பக்கத்திலிருந்து. தவறியது. தானே எழும்பித் தட்டினார், அதுவும் தவறியது. திரும்பி ஓடிப் போய்க் குனிந்து இரண்டு கையாலும் தரையை ஓங்கி அடித்தார். பதினாறு வருஷமாக அவர் முகத்தில் ஒரு சலனத்தையும் பார்க்காத எங்களுக்கு அது அதிர்ச்சி. ஆட்டம் முடிந்து பேசும்போது, தன்னைத் துரத்தப் போவது இந்த ஏழாவது ஆட்டம்தான் என்றார். பெஞ்சில் உட்கார்ந்த ஆறாவது அல்ல, தான் தவறவிட்ட ஏழாவது. பணிவான மனிதர் என்ற படத்தோடு இதை எப்படிப் பொருத்துவது? தன்னை வெளியே எடுத்ததை ஒரு வேலைமுறையாக எடுத்துக்கொண்டவர், தன் கைக்குப் பந்து வந்தபோது தவறியதை மன்னிக்கவே இல்லை. அவருடைய கர்வம் துளிக்கூடக் குறையவில்லை. அது எத்தனை பந்து தன் கைக்கு வருகிறது என்பதில் இல்லாமல், வந்த பந்தை என்ன செய்தோம் என்பதில் இருந்தது.

சாவியும் கணக்கும்

நம் வீடுகளில் பெரியவர் பெட்டிச் சாவியை மகனிடம் கொடுத்துவிடுவார், அப்புறம் ஒவ்வொரு செலவுக்கும் கணக்குக் கேட்பார். டங்கன் கணக்குக் கேட்கவில்லை. ஆனால் ஒரு சாவி அவரிடமே இருந்தது, தேவைப்பட்டால் திறப்பதற்கு. 2014 மே 31, ஓக்லஹோமா சிட்டி, மேற்குப் பிரிவு இறுதியின் ஆறாவது ஆட்டம். கணுக்கால் வலியால் பார்க்கர் இரண்டாம் பாதியில் ஆடவில்லை. ஓவர்டைம். இத்தனை வருஷம் கட்டி எழுப்பிய புது ஆட்டத்தின் எஞ்சினே வெளியே உட்கார்ந்திருக்கிறது. பந்து எங்கே போனது தெரியுமா? கூடைக்கு இடப்பக்கம். எதிரணியின் செர்ஜ் இபாகாவை முதுகில் தாங்கிக்கொண்டு, திரும்பி, 38 வயதில். ஓவர்டைமில் ஸ்பர்ஸ் எடுத்த 11 பாயிண்டில் 7 அவருடையது. அந்த ஆட்டத்தில் ஸ்பர்ஸுக்காக அதிக பாயிண்ட் எடுத்தது யார் என்று கேட்டால் டியாவ், 26. போன வருஷம் டங்கனுக்குப் பதிலாக உள்ளே போன அதே ஆள். இந்த வருஷம் இருவரும் சேர்ந்தே ஆடினார்கள்.

ஃபைனல்ஸைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை, எல்லாரும் பார்த்ததுதான். மயாமியை 4-1 என்று அடித்த அடி, சராசரி வித்தியாசம் 14 பாயிண்ட். கடைசி நொடியில் யாரை வெளியே எடுப்பது என்ற கேள்வியே எழாத மாதிரி ஆடினார்கள். அந்த சீசனில் ஸ்பர்ஸில் ஒருவர்கூட ஆட்டத்துக்கு 30 நிமிஷம் சராசரியாக ஆடவில்லை. ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் விருது 22 வயது லெனர்டுக்கு. அதே லெனர்ட், காயத்துக்குச் சிகிச்சை செய்வதில் கிளப்போடு மனஸ்தாபம் வந்து, 2018இல் டொரான்டோவுக்குப் போய்விட்டார். டங்கன் ராபின்சனிடம் கற்றதைப் போல லெனர்ட் டங்கனிடம் கற்பார் என்று நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தோம். பரம்பரைச் சொத்து மாதிரி அது கைமாறும் என்று நினைத்தது ரசிகர்களின் ஆசை. அந்தப் பையனுக்கு அப்படி ஒரு கடமையும் இல்லை.

கடைசி வருஷத்தைத்தான் 'டங்கனிடம் கத்துக்கணும்' கோஷ்டி பேசுவதே இல்லை. லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ் வந்துவிட்டார், கூடைக்குப் பக்கத்து ஷாட்டுகள் இப்போது அவருடையவை. டங்கன் சராசரி 8.6 பாயிண்ட். 2016 ஜனவரி 2ஆம் தேதி ஹூஸ்டனுக்கு எதிராக, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆட்டத்தில் பாயிண்டே எடுக்கவில்லை. அணி சுலபமாக ஜெயித்தது, யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் ப்ளேஆஃபில் ஓக்லஹோமாவின் ஸ்டீவன் ஆடம்ஸ் எழும்பும் உயரத்துக்கு அவரால் எழும்ப முடியவில்லை. 67 ஆட்டம் வென்ற அணி இரண்டாவது சுற்றோடு வெளியே போனது. கடைசி ஆட்டத்தில் 20க்கும் மேல் பின்தங்கிய பிறகு, நான்காவது குவார்ட்டர் முழுக்க பாபவிச் அவரை உள்ளேயே விட்டிருந்தார். 19 பாயிண்ட் எடுத்தார். ஓய்வு அறிவிப்புக்கு மறுநாள் டங்கன் முகம் போட்ட டீஷர்ட்டோடு வந்து பேசியதும் பாபவிச்தான்.

டங்கன் ஆடிய 1,392 லீக் ஆட்டங்களில் 1,389இல் முதல் ஐவரில் ஒருவராகத்தான் இறங்கினார். ஜினோபிலி ஒரு உலகத்தர ஆட்டக்காரர், ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், அவர் வருஷக்கணக்கில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆடினார். டங்கனிடம் அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. நிமிஷத்தைக் குறைத்தார்கள், பந்தைக் குறைத்தார்கள், சம்பளத்தைக் குறைத்தார்கள், ஃபைனல்ஸின் கடைசி நொடியில்கூட வெளியே எடுத்தார்கள். ஆட்டம் தொடங்கும்போது நடுவில் நிற்கும் இடத்தை மட்டும் தொடவில்லை. 2016 ஓக்லஹோமா தொடரில் அதையும் தொட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆடம்ஸுக்கு எதிரே இன்னொரு இளைய ஆளை முதலில் இறக்கி, டங்கனை ஆறாவது ஏழாவது ஆளாகப் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்குப் பயன்படுத்தியிருந்தால் அந்தத் தொடர் வேறு மாதிரி போயிருக்கலாம். டங்கன் மறுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். கேட்க வேண்டியவர் பாபவிச். ஸ்கோர் ஷீட்டில் 'வயசாளி' என்று போட்டுச் சிரித்த அணியில், அந்த ஒன்றைக் கேட்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. இதை எங்கள் குழுவில் எழுதினேன். கும்பிடும் கைக்காரர்களிடமிருந்து இன்னும் சண்டை ஓயவில்லை.